ஒரு படி பொரி ஒன்றரைக் கிலோ

“ஒரு படி அரிசி எத்தினி கிலோ இருக்கும், சொல்லுங்க பாப்போம்?”

“யாரு அளக்கறது?”

தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று இராமதாஸ் கேட்ட ஒரே கேள்வியும், அதற்குத் தான் சொன்ன பதிலும் தையல்நாயகிக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டைப் பார்த்த அப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நடந்த பேச்சு அது. இரண்டு வீட்டாரும் பெருந்தன்மையாக வெளியே போய் நின்றுகொண்டு, ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை புதுச்சேரியில் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்துகிற ஆபீசில் கிளார்க். ஆகவே அவருடைய காதல் பேச்சும் அந்த இலாகாவைச் சேர்ந்ததாகவே இருந்தது.

“யாரு அளந்தா என்னாங்க? படி ஒண்ணுதானே?” என்று இராமதாஸ் சிரித்தான். திரும்பிப் போகிற பஸ்ஸில் அண்ணனிடமும் அண்ணியிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். “பொண்ணு நல்லா தமாஷா பேசுதுண்ணே.”

அவள் தமாஷ் பேசவில்லை. அவளுடைய அப்பா பக்கிரி வேர்க்கடலை வியாபாரி. பிடித்த ஆள் வந்து நின்றால் கடலை கோபுரமாக எழும்பி, உருண்டு, வாங்குகிறவர் காலடியில் விழும். பிடிக்காத ஆள் வந்தால் படியைப் பிடித்திருக்கும் கையின் கட்டை விரல் படிக்கு உள்ளே போய்விடும். விரலையும் சேர்த்துத்தான் கடலை. இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவளிடம் ஒரு படி எத்தனை கிலோ என்று கேட்டால், அளக்கிறது யார் என்று அவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

பஸ்ஸில் அண்ணன் இராஜாங்கமும் சிரித்தார். அண்ணி அஞ்சலாட்சி மட்டும் சிரிக்கவில்லை. முத்தியால்பேட்டை வீட்டில் அளக்கிறது அவள்தான்.

கலியாணமாகி வந்த பிறகு தையல்நாயகிக்கு அந்த வீட்டின் சட்டதிட்டம் விளக்கப்பட்டது. கேட்க மிகவும் நியாயமாக இருந்தது. ஒரு வாரம் அஞ்சலாட்சி சமையல், மறு வாரம் தையல் சமையல். நாளுக்கு ஒரு படி அரிசி. அரிசி டிரம் உள் அறையில் இருக்கும். பித்தளைப் படி அதற்கு மேலே ஆணியில் தொங்கும். எடுத்து அளந்து போடுவது மட்டும் பெரியவள் கையால். பெரியவள் கை பட்டால் வீடு நிறையும் என்பது அந்தப் பெரியவளே சொன்ன கருத்து.

தன் வாரத்தில் அஞ்சலாட்சி படியை டிரம்முக்குள் ஆழமாக முக்கி, இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்குவாள். அரிசி கூம்பி நின்று நான்கு பக்கமும் சரியும். “ஒண்ணு!” என்று ஏலம் விடுவது போலச் சொல்லி முறத்தில் கொட்டுவாள். தையலின் வாரம் வந்தால் அதே படி, அதே டிரம். ஆனால் தூக்கிய பிறகு வலது உள்ளங்கை படியின் வாய்மேல் ஒரு முறை போகும். கூம்பின் தலையைத் தட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. மணிக்கட்டுப் பக்கத்துச் சதையால் ஒரு அழுத்து அழுத்தி, நடுவில் ஒரு பள்ளத்தையும் உண்டாக்கிவிட்டுத்தான் கை ஓயும். “ஒண்ணு!” என்ற குரலில் மட்டும் குறைவே இருக்காது.

அதனால் தையலின் வாரத்தில் இராத்திரிக்குச் சோறு எட்டாது. ஆம்பிளைகள் சாப்பிட்டு, அஞ்சலாட்சியும் அவளுடைய பெண்ணும் சாப்பிட்டு எழுந்தால், பானையில் சுரண்டுகிற சத்தம்தான் மிஞ்சும். தையல் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுப்பாள். வயிறு ஒரு பெரிய விஷயமாக அவளுக்குப் படவில்லை. ஒரு சொல்தான் சுட்டது. “பாவம், நல்ல பொண்ணு. கைராசிதான் இல்ல,” என்று அஞ்சலாட்சி குழாயடியில் முதலில் சொன்னாள். பிறகு குழாயடி முழுக்க அதைச் சொன்னது. அனுதாபமாகச் சொன்னார்கள், அதனால் பதில் சொல்லவும் வழி இல்லை.

தையலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. லாஸ்பேட்டையில் அரசாங்க குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு சமையல் உள், தன் கையால் அரிசி எடுத்துத் தானே உலை வைக்கிற ஒரு அடுப்பு. இராமதாஸ் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். அவனுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனெல்லாம் வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தான்.

ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன மறு நிமிஷம் ‘குடும்பத்தை ரெண்டாக்கினவ’ என்ற பட்டம் கொடுக்கத் தெருவே தயாராக இருந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு அஞ்சலாட்சி தலைமை தாங்கக் காத்திருந்தாள். நடுநடுவே அவளே கதவைத் திறந்தும் பார்ப்பாள். “என்னா தையலு, லாஸ்பேட்டைல வூடெல்லாம் நல்லா கட்டி உட்டுருக்கானாமே, பாத்தியா?”

“தெரியலியே அக்கா.”

அவள் மனசில் இருப்பது இராமதாஸுக்கும் தெரியும். அவனுக்கு அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள். அண்ணன் மில்லில் பஞ்சைத் தின்று சம்பாதித்துப் படிக்க வைத்தார். அண்ணி சோறு போட்டாள். இரண்டு கடனையும் அடைக்க முடியாது என்று அவன் நம்பினான். அதனால் பெண்டாட்டி முகத்தில் ஏதோ பேச்சு வரப்போகிற களை தெரிந்தால் உடனே, “தையலு, குடிக்கத் தண்ணி கொண்டா,” என்பான். அந்த இரண்டு வருஷத்தில் அவன் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், தையலின் வாரம் ஒன்றில், அஞ்சலாட்சியின் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். நன்றாகவே சாப்பிட்டான். ஷிப்ட் முடிந்து வந்து இலையில் உட்கார்ந்த இராஜாங்கத்துக்கு ஒரு பிடி சோறும் நிறைய ரசமும் வந்தன. ரசத்தைக் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“ஒரு படி போட்டேன் தம்பி, அந்த அம்மன் சாட்சி,” என்றாள் அஞ்சலாட்சி, ஆபீசிலிருந்து வந்த இராமதாஸிடம். “நான் என்னா பண்ணட்டும்? என் கையில ஊர் திங்கற சோறு, இவ கையில உருண்டைக்குக்கூட நிக்க மாட்டேங்குது.”

தையல் புருஷனைப் பார்த்தாள். அவன் அப்போதுதான் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தான். வேறு வழியில்லாமல் விஞ்ஞானத்தைக் கூப்பிட்டான்.

“தப்பு உங்க மேலயும் இல்ல அண்ணி, தையலு மேலயும் இல்ல. தப்பு படி மேல. படிங்கறது காட்டுமிராண்டி அளவு. அதனாலதான் கவர்மெண்டே ஒழிச்சிட்டான். கிலோன்னா பிரான்சுல பொறந்தது. இந்தியாவுக்கு வேணா அது புதுசு. நம்ம ஊருக்கு அது சம்பந்தி முறை.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தராசோடு வந்தான். பழைய தொட்டில் கொக்கியில் அதை மாட்டினான். தட்டு இரண்டும் ஆடி நிற்பதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலில் வந்து முகம் வைத்தார்கள். இராஜாங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

“அண்ணி, வழக்கமா போடறாப்புல ஒரு படி அளந்து போடுங்க.”

சபை பார்க்கிறபோது அஞ்சலாட்சிக்குக் கை தாராளம். படியை முக்கி எடுத்தாள். அரிசிக் கூம்பு அவளுடைய மூக்கு உயரத்துக்கு எழும்பியது. கீழே சிந்தியதையும் பொறுக்கி மேலே வைத்தாள். தட்டில் கொட்டியதும் இராமதாஸ் ஒரு கிலோக் கல்லையும் அரைக் கிலோக் கல்லையும் எதிர்த் தட்டில் வைத்தான். தண்டு நேராக நின்றது.

“ஒன்றரைக் கிலோ!” என்று அறிவித்தான்.

“இன்னொரு தரம் அளந்து நிறுங்க,” என்றாள் தையல். “போன வாரம் எனக்கு அளந்தாங்களே, அது மாரி.”

“ஏன், படி மாறிப்போச்சா?”

“இல்ல.”

“அரிசி மாறிப்போச்சா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்னாத்துக்கு இன்னொரு தரம்? ஒரு கல்லுக்கு ஒரு முத்திரைதான். ரெண்டு முத்திரை குத்துனா கவர்மெண்டு ஒத்துக்காது.”

“உடு தம்பி, சின்னப் பொண்ணு, கேட்டுட்டுப் போவட்டும்,” என்று அஞ்சலாட்சி சிரித்தாள். ஆனால் படியை அதற்குள் ஆணியில் மாட்டியிருந்தாள்.

அன்று சாயந்திரமே ஒரு அட்டையில் எழுதிச் சமையல் உள்ளில் ஒட்டினான். ஒரு படி, ஒன்றரைக் கிலோ. எட்டு ஆழாக்கு ஒரு படியாகையால் ஓர் ஆழாக்கு, நூற்று எண்பத்தேழரை கிராம். அதற்குக் கீழே அரிசி, ரவை, கோதுமை மாவு, உப்பு, மிளகாய்த் தூள் என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் நேராக அதே எண்ணை மணியான கையெழுத்தில் எழுதினான்.

“உப்பும் மொளகாத்தூளும் ஒரே கனமாங்க?”

“படி ஒண்ணுதானே?”

அந்த அட்டையை நம்பிப் போட்ட முதல் ஊறுகாய்தான் கடைசி ஊறுகாயும். மாங்காய்க்கு வழக்கமாக இரண்டு ஆழாக்கு மிளகாய்த் தூள். அட்டைப்படி நிறுத்துப் போட்டதில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. இராஜாங்கம் ஒரு துண்டை நாக்கில் வைத்தார். கண்ணிலிருந்து கொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, “ஏன் தம்பி, மொளகாவுக்கும் ஒங்க ஆபீசுல முத்திரை குத்துவீங்களா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அட்டை, சுவர்க் காரை உதிராமல் தாங்குகிற வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அரிசியை மட்டும் நிறுத்தே போடும்படி இராஜாங்கம் சொல்லிவிட்டார். அஞ்சலாட்சி தான் குவித்த கோபுரத்துக்குத் தானே கட்டுப்பட வேண்டியதாயிற்று. தையலின் வாரத்திலும் ஒன்றரைக் கிலோ. சோறு எட்டியது. இராத்திரியில் அவளும் மற்றவர்களைப் போல வயிறாரச் சாப்பிட்டாள்.

இனி கைராசி திரும்பிவிடும் என்றுதானே நினைப்போம்? குழாயடியில் அஞ்சலாட்சி சொன்னாள்: “எங்க தம்பி ஒரு தராசு கொண்டாந்து மாட்டுனாரு பாரு, அதுக்கு என்னா ராசிங்கற! இவ கையிலகூட சோறு நிக்குது.” ஆக, தையலிடம் இல்லை என்று சொன்ன ராசியை அவளிடம் கொடுக்காமலே தராசுக்குக் கொடுத்துவிட்டார்கள். இராமதாஸ் அந்தப் புகழைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். பிரச்சினை தீர்ந்தது, இனி லாஸ்பேட்டைப் பேச்சு வராது என்று நிம்மதியாகத் தூங்கினான். பக்கத்தில் படுத்திருந்தவள் விழித்துக்கொண்டிருந்தது அவனுடைய தராசில் நிற்காத விஷயம்.

ஆபீசிலும் அவன் இந்தக் கதையை அளந்தான். தலைமை எழுத்தர் அரிகிருஷ்ணன் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பிரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சையில் தேறியவர். எல்லோரையும் ‘ஐயா’ என்னாமல் பிரெஞ்சில் ‘முசியே’ என்றுதான் அழைப்பார்; யாரைக் கேலி செய்கிறார், யாருக்கு மரியாதை தருகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

“முசியே இராமதாஸ், வூட்டுல அரிசிப் படிய ஒழிச்சிட்டீராம்?”

“ஆமா சார், ஒழிச்சாச்சு.”

“சம்பளத்தோட மாசாமாசம் வருதே வாடகைப் படி, அத எப்ப ஒழிக்கப் போறீரு? குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் குடுத்தா அது தன்னால ஒழிஞ்சிடும். பொண்டாட்டி கேக்கலியா?”

“அவ கேக்க மாட்டா சார். அவளுக்குக் கூட்டுக் குடும்பம்தான் புடிக்கும்.”

“அப்படின்னு சொன்னாளா?”

“சொல்லல. ஆனா தெரியும் சார்.”

அரிகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆயுத பூசை வந்தது. அந்த ஆபீசில் ஆயுதமென்றால் எடைக்கற்கள்தாம். அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழையிலையில் வரிசையாக உட்காரவைத்து, பொரிகடலை படைப்பார்கள். ஊழியர்களுக்கும் வந்துபோகும் வியாபாரிகளுக்குமாக வருஷா வருஷம் இருபது படி பொரி வாங்குவது வழக்கம். அந்த வருஷம் பொறுப்பு இராமதாஸிடம் வந்தது.

“இருபது படின்னு நம்ம ஆபீசே சொல்லி வாங்குனா மானம் என்னா சார் ஆவறது? சட்டப்படி எடையிலதான் வாங்கணும்,” என்றான். பெருக்கிப் பார்த்தான். முப்பது கிலோ.

பெரிய மார்க்கெட்டுக்கு அடுத்த சந்தில் குத்புதீன் பாயின் மளிகைக் கடை. இராமதாஸ் போய் நின்றதும் பாய் காலாலேயே ஒரு படியைப் பொரி மூட்டைக்குப் பின்னால் தள்ளினார். ஊரில் எல்லாக் கடையிலும் பொரிக்குப் படிதான். ஆனால் அதை முத்திரை ஆபீஸ்காரர் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

“பூசைக்கு முப்பது கிலோ பொரி அனுப்புங்க பாய்.”

“முப்பது கிலோவா சார்?”

“ஆமா.”

“பொரியா?”

“பொரிதான். ஏன், கெடைக்காதா?”

குத்புதீன் பாய் வேகமாக யோசித்தார். பொரியை யார் சார் கிலோவில் கேட்பார்கள் என்று சொன்னால், அப்படியானால் நீ எதில் விற்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். இது ஆபீஸ்காரர்கள் வைக்கிற கண்ணி என்று அவருக்குப் பட்டுவிட்டது.

“கெடைக்காம என்னா சார்? நம்ம கடைல எப்பவுமே பொரி கிலோலதான்,” என்றார். பிறந்ததிலிருந்து அவர் பொரியைத் தராசில் வைத்ததே இல்லை.

கடைக்குப் பின்னால் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய மனைவி ஹாஜிராவின் குரல் கேட்டது. “என்னாங்க, முப்பது கிலோ பொரின்னா நம்ம வூட்டயும் சேத்துல்ல காலி பண்ணணும்?”

“நீ சும்மா இரு. சாருக்குத் தெரியாதா?”

சாருக்குத் தெரியவில்லை. பூசையன்று காலையில் ஒரு கைவண்டி ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. ஊதிப்போன நாலு மூட்டை. இழுத்து வந்த காத்தவராயன் அவற்றுக்கு முன்னால் நிற்பதே தெரியவில்லை.

“யாருக்கு முசியே கலியாணம்?” என்றார் அரிகிருஷ்ணன்.

ஊழியர்கள் பையில் வாங்கினார்கள், வேட்டியில் வாங்கினார்கள். வியாபாரிகள் இரண்டு கையும் நீட்டினார்கள். போதும் போதும் என்றபோதும் விடவில்லை. பக்கத்து ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிற்று. எடைக்கற்கள் பொரிக்குள் மூழ்கி, ஐம்பது கிராம் கல்லை அன்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியும் மூன்று மூட்டை அப்படியே நின்றது. மேலதிகாரி வந்து பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, “எலி வந்துடும் இராமதாஸ், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க,” என்றார்.

காத்தவராயன் வண்டியை இழுக்க, இராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தான். மூட்டை ஒன்றில் ஓட்டை. வழியெல்லாம் பொரி சிந்திக்கொண்டே போயிற்று. முத்தியால்பேட்டைத் திருப்பத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாக எழுந்து தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “பொரிய எறச்சிட்டுப் போறீங்க, சரி. பொணம் எங்கப்பா?” என்று கேட்டார்.

“பின்னாலயே நடந்து வருது,” என்றான் காத்தவராயன்.

வீட்டில் அஞ்சலாட்சி வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் இராமதாஸ் நம்பவில்லை. ஒரு படி பொரியை அளந்து தராசில் கொட்டி, எதிரே ஒன்றரைக் கிலோ வைத்தான். கல் வைத்த தட்டு கீழே உட்கார்ந்தது. பொரித் தட்டு மேலே ஆடியது. இன்னொரு படி கொட்டினான். இன்னொன்று. தட்டு நிரம்பி, வழிந்து, அவன் தலையிலும் தோளிலும் பொரி விழுந்தது. கல் வைத்த தட்டு அசையவே இல்லை.

“ஏன் தம்பி,” என்றார் இராஜாங்கம், “படி ஒண்ணுதானே?”

இராமதாஸ் மூட்டையில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

விடிந்தால் பொரி நமுத்துப் போகும். அன்றைக்கே தெருவுக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். அஞ்சலாட்சி தரையில் கிடந்த படியை எடுத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அது அவள் கைக்கு வந்ததில் அவளுக்கு முகமே மாறிப்போயிற்று. குழாயடிப் பெண்கள் முறத்தோடும் அன்னக்கூடையோடும் வந்தார்கள். அவள் குவித்துக் குவித்துக் கொட்டினாள். வண்டிக்காரக் காத்தவராயனுக்கு ஒரு கூடை. எதிர் வீட்டில் அவளோடு பேச்சுவார்த்தையே இல்லாத வீராயிக்குக்கூட நாலு படி. சிந்தியதை யாரும் பொறுக்கவில்லை. நடந்தால் காலடியில் நொறுங்கியது. ஒரு மூட்டைதான் காலியாகியிருந்தது.

“தையலு, ஒங்கப்பன் வூட்டுக்கும் குடுத்துடலாம். தவளக்குப்பத்துக்குப் போற பஸ்ஸுல யார்கிட்டயாவது குடுத்தனுப்பு. பையக் கொண்டா, மூணு படி போடறேன்.”

தையல் துணிப்பையைக் கொண்டுவந்து வாயை விரித்துப் பிடித்தாள்.

அஞ்சலாட்சி படியை மூட்டைக்குள் விட்டுத் தூக்கினாள். பொரி கூம்பி நின்றது. வீராயி ஏதோ சொன்னாள். அஞ்சலாட்சி அந்தப் பக்கம் திரும்பி அதற்குப் பதில் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவளுடைய வலது கை வந்தது. படியின் வாய்மேல் போனது. கூம்பைத் தள்ளிவிட்டு, மணிக்கட்டுப் பக்கத்துச் சதையால் அழுத்தியது. பொரி நெரிகிற சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

“ஒண்ணு!”

பைக்குள் கொட்டினாள். இரண்டாவது முறையும் கை வந்தது. தட்டியது, அழுத்தியது.

மூட்டையடியில் உட்கார்ந்திருந்த இராமதாஸின் கண்ணுக்கு நேராகப் படி இருந்தது. நடுவில் குழந்தை தலை வைத்துப் படுத்த தலையணை மாதிரி ஒரு பள்ளம். அவன் அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். தரையில் கிடந்த பொரியைப் பார்த்தான். திறக்காமலே நிற்கிற மூட்டையைப் பார்த்தான். தொட்டில் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்த தராசையும் பார்த்தான்.

“அண்ணி,” என்றான்.

“என்னா தம்பி?”

அவன் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். தன் கைதான் அது என்று அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது அவளுக்கு. மில் மூடிக் கிடந்த மாதங்களில் பழகிய கை. அந்த நாளில் ஒரு படியைத் தலை தட்டி, பள்ளம் பறித்து, மிச்சத்தை மறுநாளைக்கு என்று டிரம்முக்கே திருப்பித்தான் குடும்பத்தை உயிரோடு வைத்தாள். அப்போதும் இராமதாஸின் தட்டில் மட்டும் குறைத்ததில்லை. நல்ல காலம் வந்ததும் அந்தக் கை எல்லோருக்கும் குவிக்கப் பழகிக்கொண்டது. ஒருத்திக்கு மட்டும் பழகவில்லை.

“கை… தானா…” என்று அவள் இழுத்தாள். பிறகு கோபம் வந்தது. “என்னா இப்ப? பொரிக்கா இவ்ளோ பார்வை? கேட்டா நாலு படி அதிகமாவே போடறேன்! அவ கேட்டாளா?”

வீராயி முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இராஜாங்கம் பீடியை எடுத்தார், பற்றவைக்கவில்லை.

“பொரி போதுங்க்கா,” என்றாள் தையல். பையின் வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டாள். தெருவே கேட்டுக்கொண்டு நிற்கிறது என்பதும் தெரிந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். தலைமுடியெல்லாம் பொரியாக அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னாங்க, பூசை லீவு முடிஞ்சி ஆபீஸ் தெறந்ததும் மொத வேலையா லாஸ்பேட்டைல குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் குடுங்க. எனக்குத் தனியா ஒரு அடுப்பு வேணும்.”